கொல்லிமலைக்கு உடன் வந்த ஒற்றைக்கால் துணை

விவசாயிகள் அனுப்பும் படங்களைப் பார்த்துப் பதில் சொல்வது என் அன்றாட வேலைகளில் ஒன்று. போன ஆவணியில் அப்படி வந்த ஒரு படத்துக்கு நான் தவறான பதில் சொல்லிவிட்டேன். கொல்லிமலையில் மிளகு பயிரிடும் பெரியவர் ஒருவர் அனுப்பிய படம் அது. சாயங்கால நேரம், சில்வர் ஓக் மரத்தின் நிழல். ஒரு கையால் கொடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செல்போனில் எடுத்திருந்தார். படம் முழுக்க ஆட்டம். இலை மஞ்சளாக இருப்பது மட்டும் தெரிந்தது.

இன்னொரு படம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "சத்துப் பற்றாக்குறை மாதிரி தெரியுதுங்க. நுண்ணூட்டம் தெளிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து அவரே பேசினார். "சார், இலையெல்லாம் கருத்துக் கொட்டுதுங்க. பக்கத்துக் கொடிக்கும் வந்துடுச்சு." அது வாடல் நோய். மொத்தம் ஒன்பது கொடிகள் போயின. எட்டு வருடம் வளர்த்த கொடிகள்.

அந்தத் தோட்டத்தை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று புரட்டாசியில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பையில் ஒரு பழைய டிஜிட்டல் கேமராவும், புதிதாக வாங்கிய ஒரு சின்னக் கோலும் இருந்தன. அந்தக் கோலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மலையும் கூடவே வரும்.

அது என்ன கோல்?

கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவர் வைத்திருக்கும் மூன்று கால் ஸ்டாண்டைப் பார்த்திருப்பீர்கள். அது ட்ரைபாட். அதிலே இரண்டு காலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மோனோபாட், அதாவது ஒற்றைக்கால் தாங்கி. குடை போல ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும் நான்கைந்து குழாய்கள். மடக்கினால் முழங்கை நீளம், இழுத்தால் நெஞ்சு உயரத்துக்கு மேல் வரும். என்னுடையது அரைக் கிலோவுக்கும் குறைவு. உச்சியில் ஒரு திருகு ஆணி இருக்கும். கேமராக்களின் அடியில் உள்ள துளைக்கு அது சரியாகப் பொருந்தும். செல்போனுக்கு என்றால், போனைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் ஒன்றைத் தனியாக வாங்கி அதே ஆணியில் மாட்டிக்கொள்ளலாம்.

தனியாக நிறுத்தினால் இது நிற்காது, விழுந்துவிடும். நம் இரண்டு காலோடு சேரும்போதுதான் மூன்று கால் ஆகிறது. அதனால்தான் வரப்பிலும், சரிவிலும், மூன்று காலை விரிக்க இடமில்லாத புதரிலும் இதை வைத்து வேலை செய்ய முடிகிறது.

எழுபது வளைவுகள்

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளி. அங்கேதான் மலை அடிவாரம். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் இருபது வரை எண்ணுவோம், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். முப்பதைத் தாண்டியதும் காற்று மாறிவிடும். கீழே வெயிலில் கிடக்கும் நாமக்கல் சமவெளி, ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கொஞ்சம் சின்னதாகத் தெரியும்.

பேருந்திலேயே கோலைத் தரையில் ஊன்றி ஜன்னல் வழியாக எடுத்துப் பார்த்தேன். ஒரு படமும் தேறவில்லை. இன்ஜின் அதிர்வு தரை வழியாகக் கோலில் ஏறி நேராகக் கேமராவுக்குப் போகிறது. ஓடும் வண்டியில் கோல் உதவாது, கையில் பிடித்து எடுப்பதே மேல். இது நான் கற்ற முதல் பாடம்.

மேலே ஏறியதும் வேறு ஊர். பலா, வாழை, அன்னாசி, காபி, மரவள்ளி. சில்வர் ஓக் மரங்களில் எல்லாம் மிளகுக் கொடி. வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் அரசே விழா எடுக்கிறது. ஊர்களை இன்றும் 'நாடு' என்றுதான் சொல்கிறார்கள். செம்மேட்டில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, பெரியவர் அனுப்பி வைத்த அவர் பேரனின் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

மிளகுத் தோட்டத்தில்

எப்படி முகத்தைப் பார்ப்பது என்று வழியெல்லாம் யோசனை. வாசலில் நின்றிருந்தவர், "வாங்க சார், முதல்ல சாப்பிடுங்க" என்றார். சாமைச் சோறும் அவரைக் குழம்பும். சாப்பிட்டு முடித்ததும் நான் ஆரம்பித்தேன்.

"ஐயா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இன்னொரு படம் கேட்டிருக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "படத்துல தெரிஞ்சதைத்தானே சார் நீங்க சொல்ல முடியும்? எங்கை ஆடுது. என்ன பண்றது?"

அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். என் மனம் ஆறவில்லை. தோட்டத்துக்குள் போனோம். கொடி போன ஒன்பது மரங்களும் மொட்டையாக நின்றன. பத்தாவது மரத்துக் கொடி பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் அடி இலைகள் சிலவற்றில் கறுப்புப் புள்ளிகள்.

நிழலில் எடுக்கும் படம் ஏன் கலங்குகிறது என்பதை அங்கேயே அவருக்குச் சொன்னேன். வெளிச்சம் குறைந்தால், போதுமான ஒளி உள்ளே வருவதற்காக செல்போன் தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கிறது. வெயிலில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும் என்றால், மர நிழலில் பத்தில் ஒரு பங்கு வரை திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை ஆடினால் அந்த ஆட்டமும் படத்தில் பதிந்துவிடும். இருபது வயதுக் கையும் ஆடும். ஐம்பதைத் தாண்டிய என் கை இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆடும்.

கோலை முழுக்க மடக்கி, செல்போனை மாட்டி, கொடியின் தூர் அருகே ஊன்றி மண்டியிட்டேன். முழங்கை நீளத்தில் தரையோடு நிற்கும் கோல், தூர்ப்பகுதியை எடுக்க அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. பெரியவரை இலையின் காம்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அடி இலையில் ஒரு படம், இலையின் மறுபுறம் ஒரு படம், தூரில் ஒரு படம்.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கறுப்புப் புள்ளியின் ஓரம் நூல் பிரிந்த துணி போலப் பிசிறாக இருந்தது. வாடல் நோயின் அடையாளம் இதுதான். புள்ளி பழுப்பாக இருந்து, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் அது வேறு பூசண நோயாக இருக்கலாம். சத்துக்குறை என்றால் இப்படிப் புள்ளியே வராது. ஆட்டமான படத்தில் இந்த மூன்றும் ஒன்று போலத் தெரியும். ஒன்பது கொடிக்கும் பத்தாவது கொடிக்கும் நடுவில் இருந்தது இந்தப் பிசிறு ஓரம் மட்டும்தான்.

"இதை அன்னிக்கே பார்த்திருந்தா?" என்று கேட்டார்.

"ஒண்ணு ரெண்டோட நிறுத்தியிருக்கலாம் ஐயா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும்தான்.

அன்று மாலையே வேலையை ஆரம்பித்தோம். செத்த கொடிகளை வேரோடு எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே எரித்தோம். மரத்தடியில் தண்ணீர் நிற்காதபடி வடிகால் வெட்டினோம். மிச்சமுள்ள கொடிகளின் இலையில் படும்படி 1 சதவீத போர்டோ கலவை தெளிக்கச் சொன்னேன். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில்தான் ஊற்ற வேண்டும். கலக்கியதில் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்து, செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். வேர்ப்பகுதிக்கு, லிட்டருக்கு 2 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து, கொடிக்கு 5 முதல் 10 லிட்டர் வரை ஊற்றச் சொன்னேன்.

கோலைப் பிடிக்கும் முறை

அன்றிரவு அவர் பேரன் கோலைக் கையில் வைத்துக்கொண்டு விடவில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை இங்கேயும் சொல்கிறேன்.

கோலின் நுனியை உங்கள் காலுக்கு ஓரடி முன்னால் ஊன்றுங்கள். இரண்டு காலையும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்து அடுப்புக்கல் மாதிரி நிற்க வேண்டும். கேமராவைக் கண்ணில் ஒட்டிப் பார்ப்பவர் கண் உயரத்துக்கும், செல்போன் பிடிப்பவர் நெஞ்சு உயரத்துக்கும் கோலை வைத்தால் முதுகு வலிக்காது. முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கட்டும். கோலை மெதுவாகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானை அழுத்துங்கள்.

செல்போன் திரையைத் தொடும்போதே அது ஆடும். அதற்குப் பதில் 3 நொடி டைமர் வைத்தால் தொட்ட அதிர்வு அடங்கிய பிறகு படம் விழும்.

கோல் மேலும் கீழுமான ஆட்டத்தை நன்றாக அடக்கும். பக்கவாட்டு ஆட்டத்தை முழுக்க அடக்காது. அதற்குத்தான் நம் இரண்டு கால். பக்கத்தில் மரமோ, சுவரோ, வேலிக் கல்லோ இருந்தால் கோலை அதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் இன்னும் உறுதி.

ஈர மண்ணில் நுனி புதையும். ஒரு தட்டைக் கல்லையோ தேங்காய்ச் சிரட்டையையோ கவிழ்த்து அதன் மேல் ஊன்றுங்கள். வேலை முடிந்ததும் குழாய்களை முழுக்க இழுத்து, ஈரத்துணியால் மண்ணைத் துடைத்து, காயவைத்து மடக்குங்கள். மண்ணோடு மடக்கினால் பூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சாமை வயலில் காலை

மறுநாள் காலை ஆறரை மணி. பக்கத்துச் சரிவில் சாமை கதிர் முற்றித் தலை குனிந்திருந்தது. கொல்லிமலைக்குச் சாமையும் கேழ்வரகும் தினையும் பழைய சொத்து. மரவள்ளி வந்த பிறகு இவற்றின் பரப்பு குறைந்தது. கீழே உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகிறது, கையில் காசு வருகிறது. குறை சொல்ல முடியாது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள பெண்களோடு சேர்ந்து, சிறுதானிய விதைகளைக் காப்பதற்கும் உமி நீக்கும் வேலையை எளிதாக்குவதற்கும் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. "உரல்ல இடிக்கறது நின்னதும்தான் சாமை திரும்ப அடுப்புக்கு வந்துச்சு" என்றார் பெரியவரின் மனைவி.

அங்கே கோல் தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டும். கதிரைக் கிட்டத்தில் எடுத்தேன், எல்லாம் கலங்கல். கோல் நம் கையைத்தான் நிறுத்தும், காற்றை நிறுத்தாது. ஆடும் கதிருக்கு நல்ல வெளிச்சம் வர வேண்டும், அப்போதுதான் கேமரா சட்டென்று மூடும். வெயில் ஏறும் வரை காத்திருந்து, காற்று ஓய்ந்த நொடியில் எடுத்தேன். ஐந்தாவது படத்தில் கதிர் மணி மணியாகத் தெரிந்தது.

இன்னொரு வேலைக்குக் கோல் நன்றாகப் பயன்பட்டது. முழுக்க நீட்டி, 10 நொடி டைமர் வைத்து, கையால் தலைக்கு மேல் தூக்கினால் செல்போன் பத்து அடிக்கும் மேல் போகிறது. வயலில் எந்த மூலை வாடியிருக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். மிளகுக் கொடியின் மேல் சரங்களையும் ஏணி போடாமல் பார்க்கலாம். கிளிப்பை இறுக்கமாகத் திருகி, போனை ஒரு கயிற்றால் கோலோடு கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் மின்கம்பி இருந்தால் கோலைத் தூக்கவே கூடாது. அது அலுமினியக் குழாய், மின்சாரம் பாயும்.

ஆகாய கங்கை

பிற்பகலில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து ஆகாய கங்கைக்கு இறங்கினேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பல இடங்களில் செங்குத்து. இறங்கும்போது கோலை ஊன்றி நடக்கலாமே என்று ஆசை வந்தது. இரண்டு படி வைத்ததும் குழாய் சறுக்கி உள்ளே போனது, நான் கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்தேன். நடைக்கோலாகவும் பயன்படும்படி செய்த மோனோபாடுகள் தனியாகக் கிடைக்கின்றன. சாதாரணக் கோலின் பூட்டு கேமராவின் எடையைத்தான் தாங்கும், நம் எடையைத் தாங்காது. அதைப் பையில் போட்டுவிட்டு, மூங்கில் கழி ஒன்றை ஊன்றி இறங்கினேன்.

ஐயாறு பாறை மேலிருந்து ஒரே பாய்ச்சலாக விழுகிறது. சாரல் தூரத்திலேயே முகத்தில் அடிக்கிறது. அருவி நீர் பட்டுத் துணி போலத் தெரியும் படங்களைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கேமராவை நொடியில் நான்கில் ஒரு பங்கு நேரமாவது திறந்து வைக்க வேண்டும். வெறும் கையால் முடியாத காரியம். கோலைக் கம்பித் தடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துப் பத்துப் படம் எடுத்தேன். மூன்றுதான் தேறியது. மூன்று கால் ஸ்டாண்ட் இருந்தால் பத்தும் தேறியிருக்கும். ஆனால் அதைச் சுமந்துகொண்டு அத்தனை படிகளும் ஏறியிருப்பேனா என்பது சந்தேகம். சாரலில் கேமரா நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையும், லென்ஸைத் துடைக்கப் பருத்தித் துணியும் கையில் இருந்தால் நல்லது.

கோல் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. இதைப் பெரியவரிடமே சொன்னேன். நீங்கள் மண்வெட்டியை ஊன்றி, அதன் பிடியின் மேல் கையை வைத்து, கையில் போனைப் பிடித்தாலே பாதி ஆட்டம் குறையும். மூங்கில் கழியின் உச்சியில் செல்போன் கிளிப்பைக் கட்டிக்கொண்டால் அதுவே மோனோபாட். இன்னொரு வழியும் உண்டு. கிளிப்பின் அடித்துளைக்குப் பொருந்தும் போல்ட் ஒன்றில் உங்கள் உயரத்துக்குக் கயிறு கட்டுங்கள். கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு போனை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கயிறு விறைத்து நிற்கும்வரை கை மேலும் கீழும் ஆடாது. இது சட்டைப் பையிலேயே அடங்கிவிடும்.

கேள்வியோடு படம் அனுப்பும்போது இந்த ஐந்தையும் அனுப்புங்கள். வயல் முழுவதும் தெரியும் ஒரு படம். பாதிக்கப்பட்ட செடி முழுவதும் ஒரு படம். இலையின் மேல்புறமும் அடிப்புறமும் ஒவ்வொரு படம். தூரும் அதைச் சுற்றியுள்ள மண்ணும் தெரியும்படி ஒரு படம். கிட்டத்தில் எடுக்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தை அருகில் வைத்தால் அளவு தெரியும். காலை எட்டு மணியை ஒட்டி எடுத்தால் வெளிச்சம் சரியாக இருக்கும். அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இலை நரம்பு உங்களுக்குத் தெரிந்தால் எங்களுக்கும் தெரியும். கூடவே பயிரின் வயது, ரகம், எப்போது ஆரம்பித்தது, எத்தனை செடியில் இருக்கிறது, இதுவரை என்ன தெளித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

திரும்பும் வழியில் சோளக்காட்டுச் சந்தையில் ஒரு சீப்பு மலைவாழையும் ஒரு படி மிளகும் வாங்கினேன். பேருந்து வரும் வரை பெரியவரின் பேரன் என்னோடு நின்றான். கோலை அவனிடமே கொடுத்துவிட்டேன். மண்வெட்டிப் பிடி எனக்குப் போதும்.

பத்து நாள் கழித்து ஐந்து படங்கள் வந்தன. பத்தாவது கொடியின் படங்கள். இலை நரம்பு ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. பழைய புள்ளிகள் காய்ந்து நின்றிருந்தன, நுனியில் புதிய தளிர் இரண்டு. கடைசிப் படத்தில் நாணயத்துக்குப் பதில் பெரியவரின் கட்டைவிரல் இருந்தது. அது ஆடவே இல்லை.